கடலோடு சேர்ந்த உப்பேரியின் அடிச்சேற்றில் எத்தனை வகை உயிர்கள் வாழும் என்பதை உப்பின் அளவுதான் முடிவு செய்கிறதா? கல்லூரி ஆய்வுக்குச் சேறு எடுக்கப் போகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

உப்பு பெரிய காரணம்தான். ஆனால் எவ்வளவு உப்பு என்பதைவிட, ஒரு வருஷத்துக்குள் அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பாருங்கள். முதுகலை படித்தபோது பழவேற்காடு ஏரியில் சேறு அள்ளிச் சலித்தவன் நான், அதை வைத்தே சொல்கிறேன்.

அங்கே கடல்நீர் முகத்துவாரம் வழியாக வரும், ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று முகங்களில் உப்பே தெரியாது. கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டால், ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான் என்பதால் தண்ணீர் வெயிலில் சுண்டிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இங்கே 50-ஐத் தாண்டிய கோடைகளும் உண்டு. இரண்டையும் தாங்கும் உயிர்கள் கொஞ்சம்தான். மட்டி தன் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். புழுக்கள் ஆழமாக இறங்கிவிடும், ஏனென்றால் மேலே ஓடும் நீர் மாறினாலும் சேற்றின் இடுக்கில் நிற்கும் நீரின் உப்பு மெதுவாகத்தான் மாறும்.

அடுத்தது சேறு. இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரே நாளில் இரண்டு இடத்தில் எடுத்தேன், உப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முகத்துவாரத்துப் பக்கம் மணல் கலந்த மண். அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, அழுகாமல் காக்கும் ஃபார்மலினும் ரோஸ் பெங்கால் சாயமும் ஊற்றி வைத்தால், மறுநாள் தட்டில் உயிரெல்லாம் ரோஜா நிறத்தில் தனியாகத் தெரியும். முட்கால் புழுக்கள், நகம் அளவு மட்டிக் குஞ்சுகள், வளைந்து கிடக்கும் ஆம்பிபாடுகள் (இறால் போன்ற சின்னஞ்சிறு உயிர்கள்) என்று ஊசியால் பிரித்து மாளவில்லை. உள்பக்கம் கழிவுநீர் சேரும் ஓடையருகே எடுத்ததோ கறுப்புச் சேறு, கூமுட்டை நாற்றம். அதில் நூல்போல ஒரே வகைப் புழு, கேபிடெல்லா, கொத்துக் கொத்தாக. எண்ணிக்கையைப் பார்த்து ஏரி செழிப்பாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். மட்கும் குப்பை மிகுந்து ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பெருகுகிற புழு அது.

பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களில் ஒருவர், "அந்தக் கறுப்புச் சேத்துல இறால் நிக்காதுப்பா" என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். இறாலும் நண்டும் தின்பது இந்தப் புழுக்களையும் மட்டிக் குஞ்சுகளையும்தான். அடிச்சேறு கெட்டால் வலையும் காலி.

ஆகவே ஒரே மாதத்தில் எடுத்து முடித்துவிடாதீர்கள். மழைக்கு முன், மழை நடுவில், கோடை என மூன்று முறையாவது அதே இடத்துக்குப் போங்கள். உப்போடு ஆக்சிஜன், மணல்-களி விகிதம், கரிமச்சத்து மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். முகத்துவாரம் எந்த வாரம் அடைபட்டது, எப்போது வெட்டித் திறந்தார்கள் என்பதை மீனவர்களிடம் கேட்டு, மாதிரிப் புட்டியின் சீட்டிலேயே எழுதிவையுங்கள்.