அண்ணனுக்கு ஒரு கணக்கு, தங்கைக்கு ஒரு கணக்கு

அன்புத் தங்கைக்கு,

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. உன் கொரிய மேலாளரின் மனைவி கேட்டதை ஒரு வரி விடாமல் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறாய். பிள்ளைகளை இங்கே சேர்க்க ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நல்லதா, பிரிட்டிஷ் முறையான கேம்பிரிட்ஜ் நல்லதா, அமெரிக்கப் பாடத்திட்டம் நல்லதா என்று யோசித்து யோசித்து அவருக்குத் தூக்கமே போய்விட்டது என்கிறாய். புது ஊர், புது மொழி, இரண்டு பிள்ளைகள். கவலை வரத்தான் செய்யும். ஆனால் பாடத்திட்டத்துக்கு முன்னால் அவரிடம் ஒன்றைக் கேட்டுச் சொல்: பையன் பன்னிரண்டாம் வகுப்பை எந்த நாட்டில் முடிப்பான்? கல்லூரி கொரியாவிலா, வேறெங்காவதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கொரியாவில்தான் கல்லூரி என்றால், வெளிநாட்டில் படித்த கொரியப் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு சிறப்புச் சேர்க்கை இருக்கிறது. நவம்பரில் நடக்கும் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் நெருக்கடி இல்லாமல் நல்ல பல்கலைக்கழகத்துக்குள் போக அது ஒரு வழி. பெற்றோரின் வேலைக்காக வெளிநாடு போன பிள்ளை, நடுநிலை, மேல்நிலை வகுப்புகளில் குறைந்தது 3 ஆண்டுகளை வெளிநாட்டில் முடித்திருக்க வேண்டும். அதில் ஓராண்டாவது மேல்நிலையாக இருக்க வேண்டும். கொரியாவில் 6, 3, 3 என்ற அமைப்பு என்பதால் மேல்நிலை என்பது நம் கணக்கில் பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. இந்த ஆகஸ்டில் எட்டாம் வகுப்பில் சேரப் போகிற பையனுக்கு எட்டு, ஒன்பது, பத்து முடித்தாலே அந்தத் தகுதி வந்துவிடும். அப்பாவுக்கு 4 ஆண்டுப் பணி என்பதால் இடிக்காது.

இடிப்பது நாள் கணக்கில். கணக்கில் வரும் ஒவ்வோர் ஆண்டிலும் பிள்ளை முக்கால் பங்கு நாள், அதாவது 274 நாள், வெளிநாட்டில் இருக்க வேண்டும். அப்பா, அம்மா இருவரும் மூன்றில் இரண்டு பங்கு, 244 நாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். ஜூன், ஜூலை விடுமுறை முழுக்க சியோலில் ஹக்வான் என்கிற தனிப்பயிற்சி வகுப்பு, டிசம்பரில் பாட்டி வீடு, இடையில் ஓர் அறுவை சிகிச்சைக்காக ஒரு பயணம். என் மேசையில் பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்துக் குடியேற்ற முத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். வெளியே போன நாள், திரும்பிய நாள் என்று அந்த அம்மா ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். அந்த ஆண்டில் பையன் கொரியாவில் கழித்த நாள் 97 வந்தது. 91-க்கு மேல் போகக் கூடாது. மறுபடி எண்ணினார், அதே 97. அந்த ஓராண்டு போயிற்று. அதனால் உன் மேலாளரின் மனைவியிடம் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடச் சொல். ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு எழுதட்டும். விதியின் நுணுக்கங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால், அவர்கள் மனதில் வைத்திருக்கும் இரண்டு மூன்று இடங்களின் சேர்க்கைக் கையேட்டை ஆண்டுதோறும் பார்த்துவிட வேண்டும்.

சரி, பாடத்திட்டத்துக்கு வருகிறேன். ஐபி டிப்ளமா என்பது 11, 12 இரண்டும் சேர்ந்த ஒரே படிப்பு. 6 பாடம், 4,000 சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை, மொத்தம் 45 மதிப்பெண். நடுவில் எழுந்து போனால் கையில் டிப்ளமா இருக்காது. இங்கேதான் இந்தக் குடும்பத்துக்குச் சிக்கல். அப்பாவின் 4 ஆண்டு முடியும்போது பையன் பதினொன்றை முடித்திருப்பான், இன்னும் ஓராண்டு பாக்கி. அப்பா ஊருக்குப் போக, அம்மாவும் மகனும் இங்கே இருந்து முடிப்பார்களா? பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்து தனியே இருக்கும் தகப்பனைக் கொரியர்கள் ‘காட்டுவாத்து அப்பா’ என்கிறார்கள். அந்தத் தனிமை எளிதில்லை. கணவனும் மனைவியும் இதை இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும்.

இருப்பார்கள் என்றால் நான் ஐபியைத்தான் சொல்வேன். நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கும் என்றால் அமெரிக்கத் திட்டம் பாதுகாப்பு. அதில் முடித்த பாடத்துக்கான கிரெடிட் ஆண்டுக்காண்டு சேர்கிறது, கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏபி தேர்வுகளையும் ஒவ்வொரு மே மாதமும் தனித்தனியாக எழுதிக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜும் மோசமில்லை. அதன் இரண்டாண்டு ஏ-லெவல் படிப்பில் முதலாண்டில் எழுதும் ஏஎஸ் தேர்வுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சிறப்புச் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பது ஜூலைத் தொடக்கத்தில். ஐபி முடிவு அதே ஜூலை முதல் வாரத்தில் வந்துவிடும், மே, ஜூனில் எழுதும் ஏ-லெவலின் முடிவு ஆகஸ்டில்தான் வரும். பள்ளி கொடுக்கும் உத்தேச மதிப்பெண்ணை நம்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடு. பிரிட்டிஷ் பள்ளியில் ‘இயர் 8’ என்றால் அமெரிக்கக் கணக்கில் ஏழாம் வகுப்பு. எட்டு என்ற எண்ணைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, பையன் ஓராண்டு பின்னால் போனதை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்த வீடு உண்டு. எந்த வகுப்பு என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கொரிய மொழி. போன வருடம் நீ மொழிபெயர்க்க வந்த அன்று நடந்தது நினைவிருக்கிறதா? பதினொன்றாம் வகுப்புப் பையன், ஆங்கிலத்தில் அருவி மாதிரி பேசினான். கொரியச் செய்தித்தாளில் ஒரு பத்தியை அவன் அம்மா நீட்டினார். தடங்கலில்லாமல் வாசித்தான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இதற்கு என்ன அர்த்தம் என்று நீ கேட்டாய். விழித்தான். அடுத்த சொல்லுக்கும் அப்படியே. அவன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிறப்புச் சேர்க்கையிலும் பல பல்கலைக்கழகங்கள் கொரிய மொழியில் எழுத்துத் தேர்வு வைக்கின்றன. ஐபியில் கொரிய இலக்கியத்தையே முதல் மொழிப் பாடமாக எடுக்கலாம். ஆசிரியர் இல்லாத பள்ளியில்கூட, பள்ளியின் மேற்பார்வையில் மாணவன் தானே படித்து எழுத வழி இருக்கிறது. நான் ஐபி பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணம் இதுதான். நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் பள்ளியில் இதைக் கேட்கட்டும்.

அப்புறம், மூன்றாம் வகுப்புச் சின்னவள். அண்ணன் பள்ளியிலேயே அவளும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. போக வர வசதி, தவறில்லை. ஆனால் 4 ஆண்டில் திரும்பினால் அவள் நடுநிலைப் பள்ளிக்குள் நுழைகிற வயதில் இருப்பாள். அந்த 3 ஆண்டுச் சேர்க்கை விதி அவளுக்குப் பொருந்தாது. எந்தப் பாடத்திட்டம் என்பதும் அவளுக்கு அவ்வளவு முக்கியமில்லை. திரும்பிப் போய் உட்காரும் வகுப்பில் கணக்கும் கொரியப் பாடமும் புரிய வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமைக் கொரியப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பட்டும். சென்னையிலேயே கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது, பாடநூல்களை அங்கே விசாரிக்கலாம். இரவு தூங்கப் போகுமுன் அரை மணி நேரம் அம்மா மடியில் கொரியக் கதைப் புத்தகம். ஹனோயிலும் ஷாங்காயிலும் இருக்கும் குடும்பங்களுக்கு முழுநேரக் கொரியப் பள்ளியே கிடைக்கிறது, இங்கே அந்தப் பொறுப்பு வீட்டின் தலையில் விழுகிறது.

கட்டணத்தை நிறுவனம் எந்த வகுப்புவரை தருகிறது, பணி முடிந்த பிறகு அந்த ஓராண்டுக்கும் தருமா என்று மனிதவளத் துறையில் நீயே கேட்டுவிடு, அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். வரும் சனிக்கிழமை மாலை இருவரையும் அழைத்து வா. நான்கு பேர் பாஸ்போர்ட்டும், பணி நியமனக் கடிதமும், பையனின் கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியலும் வேண்டும். கொரியச் செய்தித்தாள் ஒன்றும் எடுத்து வா. பையனையும் கூட்டிக்கொண்டு வா, அவனுக்கு என்ன ஆசை என்று இதுவரை யாரும் எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா