கேளுங்கள், சொல்கிறோம்: கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்கள்

எங்கள் கல்லூரியின் சம வாய்ப்பு மையப் பொறுப்பு இந்த ஆண்டு எனக்கு வந்திருக்கிறது. பார்வையற்ற மாணவர்கள் ஆறு பேர், இரு கைகளும் பாதிக்கப்பட்டவர் ஒருவர் படிக்கிறார்கள். செமஸ்டர் வந்தால் சொல்வதை எழுதுபவர் கிடைக்காமல் திண்டாடுகிறோம். எங்கே தொடங்குவது?
– உதவிப் பேராசிரியை, விருதுநகர் மாவட்டம்

சேர்க்கை நாளிலிருந்தே தொடங்குங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஆள் தேடுவதுதான் எல்லாத் திண்டாட்டத்துக்கும் காரணம். வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ஏழு பேரையும் தனித்தனியாகச் சந்தித்து, பிளஸ் டூ தேர்வை எப்படி எழுதினார்கள், எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்டு ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவர் எல்லாருக்கும் ஒரே தேவை இருக்காது. ஒருவர் பிரெயில் அறிந்தவராக இருப்பார், இன்னொருவர் கணினியில் தானே தட்டச்சு செய்ய விரும்புவார். ஓரளவு பார்வை உள்ளவருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளே போதுமானதாக இருக்கலாம்.

எழுதுபவர் பட்டியலில் ஏழு பேருக்குப் பத்துப் பெயராவது வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை மட்டும் நம்பினால், அதே நாளில் அவர்களுக்கும் தேர்வு இருக்கும். கடைசி நேரத்தில் கைவிரிப்பார்கள். தேர்வு அட்டவணை வேறாக உள்ள பக்கத்துக் கல்லூரி மாணவர்களைச் சேருங்கள். மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல்படி, மாணவர் தாமே அழைத்து வரும் எழுதுபவரின் கல்வித்தகுதி மாணவரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். முதலாமாண்டு மாணவருக்கு 'ஒரு படி' என்றால் என்ன என்பதில்தான் தேர்வறை வாசலில் சண்டை வரும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் விளக்கம் வாங்கி வையுங்கள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே மாணவரும் எழுதுபவரும் சந்திக்க வழிசெய்வதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. அந்தச் சந்திப்பில் ஒரு பழைய வினாத்தாளை அரை மணி நேரம் எழுதிப் பார்க்கட்டும். ரகர றகரமும், னகர ணகரமும் தடுமாறுபவரைத் தமிழ்த் தாளுக்கு வைத்தால் இழப்பு மாணவருக்குத்தான்.

கூடுதல் நேரம் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம் தர வேண்டும். காலை 10 மணிக்குத் தொடங்கினால் 2 மணிக்குத்தான் முடியும். பிற்பகல் தேர்வும் 2 மணிக்கு என்றால் மாணவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. ஆகவே ஒரே நாளில் இரண்டு தாள் விழாமல் அட்டவணை போடும்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேர இன்டர்னல் தேர்வுக்கும் அந்த 20 நிமிடம் உண்டு. பல துறைகள் மறப்பது இதைத்தான். தரைத்தளத்தில் தனி அறை கேளுங்கள். பேசிப் பேசி எழுதும் இருவரைப் பொது அறையில் உட்கார வைத்தால் எல்லாருக்கும் இடைஞ்சல்.

தமிழ்ப் பாடக் குறிப்புகளைக் கணினிக் கோப்பாகவே கொடுக்கிறோம். ஆனால் மாணவரின் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) ஏதேதோ உளறுகிறது. ஏன்?
– தமிழ்த்துறை ஆசிரியர், தஞ்சாவூர்

பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த 'தந்தை' என்ற சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே, இ, செமிகோலன், ஐ, ஜே" என்றுதான் பார்க்கும். கோப்பை, தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதிவு செய்யும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒற்றுகளையும் கொம்பு எழுத்துகளையும் கண்ணால் சரிபாருங்கள், பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இன்னொரு காரணம், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அது வெறும் படம். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் தமிழையும் படிக்கும், ஆனால் பக்கம் சாய்ந்தோ மங்கியோ இருந்தால் பிழை பெருகும். கொடுப்பதற்கு முன் இலவச என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை உங்கள் கணினியிலேயே நிறுவி இரண்டு பக்கம் கேட்டுப் பாருங்கள். பாடப் புத்தகத்தை மாற்றுத்திறனாளிக்குப் படிக்கக்கூடிய வடிவில் மாற்றுவதைப் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்திலிருந்து அனுமதிக்கிறது. 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒரே நூலை மறுபடி தட்டச்சு செய்யும் உழைப்பு மிச்சமாகும்.

எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்கின்றன. ஊனம் 40 சதவீதம் இல்லை என்று எழுதுபவரை மறுக்கிறார்கள். சரியா?
– முதுகலை மாணவர், மதுரை

சரியல்ல. இதே போன்ற சிக்கலில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: 40 சதவீத வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு, எழுதுபவரைப் பெறும் உரிமைக்கு அதை நிபந்தனையாக்க முடியாது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் கீழ் ஊனமும் எழுதுவதில் சிரமமும் உள்ளவர்களுக்கென மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு மருத்துவர் குழுவின் சான்று தேவை. தேர்வுக்கு முந்தின வாரம் அலைந்தால் கிடைக்காது, செமஸ்டர் தொடங்கும்போதே விண்ணப்பியுங்கள். மறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள்; எழுத்தில் கேளுங்கள். அரசு நிறுவனம் என்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம்.

மூன்று படி உள்ள வாசலில் சாய்தளம் கட்டுகிறோம். ஆறடி போதுமா?
– கல்லூரி அலுவலகப் பணியாளர், ஈரோடு

போதாது. சரிவு 1:12க்கு மேல் போகக் கூடாது, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். படி ஒன்று 150 மி.மீ. என்றால் மூன்றுக்கு 450 மி.மீ. உயரம், சாய்தளம் 5.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 18 அடி. நீங்கள் சொல்லும் ஆறடியில் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளுபவருக்கே மூச்சு வாங்கும். தனியாக வருபவர் பின்னால் கவிழ்வார். மேலே கதவுக்கு முன் 1.5 மீட்டர் சமதளம், கதவுத் திறப்பு 900 மி.மீ., இருபுறமும் கைப்பிடி. வழவழப்பான டைல்ஸ் போடாதீர்கள், மழையில் வழுக்கும். கட்டி முடித்ததும் அடிவாரத்தில் பைக் நிறுத்தவிடாமல் இரண்டு தடுப்புக் கம்பங்களை நடுங்கள். நடுவில் நாற்காலி நுழைய 900 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.