கியர் குமிழ்: கழற்றும் முன் கீழே குனிந்து பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் சென்னை வாசகர்களிடமிருந்து கியர் குமிழ் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

*கே: என்னுடையது 1965 எம்.ஜி.பி. கியர் குமிழில் விரிசல் விழுந்துவிட்டது. புதுக் குமிழ் வாங்கியாயிற்று, பழையது அசைய மறுக்கிறது. பிளையர் போட்டுத் திருகினால் கியர் ராடே சேர்ந்து திரும்பப் பார்க்கிறது. "வெட்டித்தான் எடுக்கணும் சார்" என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?*
*– வாசகர், பெரம்பூர்*

ப: வெட்டுவது கடைசி வழி. முதலில் பிளையரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ராடின் அடிமுனை கியர் பெட்டியின் மேலே ஒரு பந்து மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. அது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆடுவதற்காகச் செய்தது, முறுக்கைத் தாங்குவதற்காக அல்ல. மேலே நீங்கள் கொடுக்கும் முறுக்கு முழுவதும் அடியில் இருக்கும் பின்னிலும் புஷ்ஷிலும் (உள்ளே பொருந்தும் குழாய் போன்ற உறை) தான் போய் இறங்கும். சில நூறு ரூபாய்க் குமிழுக்காகக் கியர் பெட்டியைத் திறக்கும் நிலை வரக் கூடாது.

டார்ச் அடித்துக் குமிழின் அடியைப் பாருங்கள். ராடின் மரையில் மெல்லிய லாக் நட் ஒன்று குமிழோடு ஒட்டி இறுக்கியிருக்கும். அழுக்கும் துருவும் மூடியதில் அது நட் என்றே தெரியாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். நட்டைத் தளர்த்தவேண்டும் என்றால் கை தானாக இடஞ்சுழியாகத் திருப்பும். இங்கே அப்படித் திருப்பினால் நட் மேலேறிக் குமிழை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து பார்க்கும்போது நட்டை வலஞ்சுழியாகத் திருப்பிக் கீழே இறக்க வேண்டும். குமிழை இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்ற வேண்டும். மரை 5/16 அங்குலம் என்றால் நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் வேண்டும். எல்லார் டப்பாவிலும் இருக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் உட்காரும், ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. தான். மெல்லிய நட் என்பதால் அந்த 0.3 மி.மீ. தளர்ச்சியிலேயே முனைகள் உருண்டுவிடும்.

நட் இறங்கியும் குமிழ் வராவிட்டால் துருதான் காரணம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் இது சகஜம். ராடைச் சுற்றியுள்ள லெதர் உறையையும் கார்பெட்டையும் பழைய துணியால் மூடிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயைக் குமிழின் அடி இடுக்கில் மேல்நோக்கி அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கொதிநீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குமிழைச் சுற்றி ஐந்து நிமிடம் கட்டி வையுங்கள், அல்லது ஹேர் டிரையர் காட்டுங்கள். பிளாஸ்டிக் இரும்பைவிட அதிகம் விரியும், அதனால் பிடி தளரும். ஹீட் கன் மட்டும் வேண்டாம், குமிழ் கொப்பளித்துவிடும்.

பிறகு இரண்டு பேர் வேண்டும். ஒருவர், லாக் நட்டுக்குக் கீழே ராடைப் பழைய சைக்கிள் டியூபால் இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் வைஸ் கிரிப் (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் பிளையர்) போட்டு அசையாமல் பிடிக்க வேண்டும். மற்றவர் ஆயில் ஃபில்டர் கழற்றும் பட்டை ஸ்பேனரால் குமிழைத் திருப்ப வேண்டும். முறுக்கு முழுவதும் இந்த இரண்டு பிடிகளுக்கு இடையிலேயே அடங்கிவிடும், அடியில் இருக்கும் பந்து மூட்டுக்குப் போகாது.

அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக் சொன்னதுதான். சின்ன ஹேக்ஸா பிளேடால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கீறல் போட்டு, உள்ளே உலோகம் தட்டுப்பட்டதும் நிறுத்திவிடுங்கள். கீறலில் ஸ்குரூடிரைவரை வைத்து நெம்பினால் குமிழ் இரண்டாகப் பிளக்கும். உள்ளே உலோக புஷ் இருந்தால் அதை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம்.

புதுக் குமிழைப் போடும் முன் ராடின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளி கிரீஸ் தடவுங்கள். குமிழின் துளை எவ்வளவு ஆழம் என்று தீக்குச்சி விட்டு அளந்து, மரையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ராடின் நுனி துளையின் அடியில் முட்டிய பிறகும் திருகினால் புதுக் குமிழிலும் விரிசல்தான். நட்டை நன்றாகக் கீழே இறக்கிவிட்டுக் குமிழைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாக மரை வெட்டியிருந்தால் குறைந்தது 12 மி.மீ. இறங்க வேண்டும், அதாவது சுமார் 11 சுற்று. குமிழின் மேலுள்ள கியர் படம் நேராக வந்ததும் குமிழை அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை மேலேற்றி, குமிழைத் தொட்டபின் அரைக்கால் சுற்று இறுக்கினால் போதும். மரையைக் கழலாமல் ஒட்டிப் பிடிக்கும் திரெட் லாக் திரவம் பிளாஸ்டிக் குமிழுக்கு ஆகாது. சில வகைப் பிளாஸ்டிக்கில் அது பட்ட இடத்திலிருந்து நாளடைவில் விரிசல் ஓடும்.

*கே: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு ஆன்லைனில் வாங்கிய குமிழில் எம்10 × 1.25 என்று போட்டிருக்கிறது. மூன்று சுற்று ஏறி நின்றுவிட்டது. ஆடவும் செய்கிறது. டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுச் சரிசெய்யலாமா?*
*– வாசகர், அண்ணா நகர்*

ப: கூடாது. எம்10 × 1.25 என்பது 10 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும் உள்ள மெட்ரிக் மரை. உங்கள் ராடுக்கு அந்தத் துளை ஏற்கெனவே பெரிது. மேலே டேப் ஓட்டினால் இருக்கும் மரையும் போய்விடும்.

ஸ்பிட்ஃபயர் அங்குல மரைக் கார். 1962-ல் வந்த அந்தக் காருக்கு டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைத்தான் குறுக்கிப் பயன்படுத்தினார்கள். நம் வண்டலூர் ஆலையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதே குடும்பம்தான். இவற்றில் யூ.என்.எஃப். எனும் நெருக்கமான அங்குல மரையை எதிர்பாருங்கள். எந்த அளவு என்பதை மட்டும் ஊகிக்காமல் அளந்து தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அறுபது வருடத்தில் யாராவது ராடையே மாற்றியிருக்கலாம்.

ராடின் மரை விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து 9.4 முதல் 9.5 மி.மீ. வந்தால் 3/8 அங்குலம். 9.8-ஐ நெருங்கினால் எம்10. இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். சிக்கல் சின்ன அளவில்தான். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., எம்8 என்பது 8 மி.மீ. தேய்ந்த ராடில் வெர்னியர் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். அப்போது விட்டத்தை மறந்துவிட்டுப் பத்து மரைகளின் நீளத்தை அளக்க வேண்டும். 10.6 மி.மீ. என்றால் யூ.என்.எஃப்., 12.5 என்றால் சாதாரண எம்8, சரியாக 10 என்றால் எம்8 × 1.0. பழைய எம்.ஜி. டி.சி., டி.டி. வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி அளவைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார்களின் எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜினில் மரை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனருக்கு. இங்கிலாந்துக் கார் என்றாலே அங்குல மரைதான் என்று நம்பிவிட முடியாது.

மரை கேஜ் இல்லையா? பாரிமுனை செம்புதாஸ் தெருவில் 5/16 யூ.என்.எஃப்., 3/8 யூ.என்.எஃப்., எம்8, எம்10 நட் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த மரையில் எந்த நட் விரலாலேயே கடைசிவரை ஓடுகிறதோ அதுதான் அளவு. மூன்று சுற்று ஓடிப் பிடிப்பது பொருந்திய மரை அல்ல, பக்கத்து அளவு. அதை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் ராடின் மரை சிதையும். ராடை வெளியே எடுத்து வெல்டு வைத்து மறுபடி மரை வெட்டும் அளவுக்குப் போய்விடும்.

வாங்கிய குமிழ் மனதுக்குப் பிடித்திருந்தால் கிண்டியிலோ அம்பத்தூரிலோ ஒரு லேத்தில் கொடுத்து பித்தளை புஷ் செய்யச் சொல்லுங்கள். வெளியே எம்10 × 1.25, உள்ளே 5/16 யூ.என்.எஃப். என்றால் சுவர் ஒரு பக்கம் சுமார் 1 மி.மீ. தான் இருக்கும், மரையின் பள்ளத்தில் இன்னும் குறைவு. அதனால் குமிழின் துளையை 14 மி.மீ.க்குப் பெரிதாக்கி, வெளியே மரை இல்லாத புஷ்ஷை எபாக்சி பசை வைத்து இறக்குவதே உறுதி. 3/8 ராடுக்கு இது ஒன்றுதான் வழி. பக்கத்தில் மூன்று சின்ன ஸ்குரூ வைத்து 'எந்தக் காருக்கும் பொருந்தும்' என்று விற்கும் குமிழ்களை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஸ்குரூ முனை மரையைக் குத்திக் கெடுத்துவிடும். அடுத்த குமிழ் ஏறாது.

*கே: ஈட்டி மரத்தில் குமிழ் கடையச் சொல்லலாம் என்றிருக்கிறேன். என்ன அளவு கொடுக்க வேண்டும்?*
*– வாசகர், மயிலாப்பூர்*

ப: நல்ல யோசனை. கடைசல் பட்டறைக்குப் பழைய ஈட்டித் துண்டாகக் கொண்டுபோங்கள். வீட்டுச் சாமான் உடைந்தது இருந்தால் அதுவே சிறந்தது. பச்சை மரம் சுருங்கி, புஷ்ஷைச் சுற்றிப் பிளக்கும். உருண்டை 45 முதல் 50 மி.மீ. இருந்தால் உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கும்.

மரத்தில் நேரடியாக மரை வெட்டாதீர்கள், ஒரே வருடத்தில் தளர்ந்துவிடும். 16 மி.மீ. பித்தளைக் கம்பியில் 25 மி.மீ. நீளம் வெட்டி, வெளிப்புறம் சொரசொரப்பாக நர்லிங் போட வேண்டும். 5/16 யூ.என்.எஃப். மரைக்கு 6.9 மி.மீ. டிரில், 3/8 யூ.என்.எஃப். மரைக்கு 8.5 மி.மீ. டிரில். துளை மறுபக்கம் வரை போகக் கூடாது. அதனால் கடைசியாக அடிமட்ட டேப் ஓட்டினால்தான் மரை அடிவரை விழும். புஷ்ஷை அசிட்டோனில் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்சி தடவி இறக்கி, ஒரு முழு நாள் விடுங்கள். துளை மையத்தில் இல்லையென்றால் குமிழ் திரும்பும்போது தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும். ஆகவே முதலில் துளை போட்டு புஷ் ஒட்டச் சொல்லுங்கள், அதையே பிடிமானமாக வைத்து உருண்டையைக் கடையட்டும். பல பட்டறைகளில் கடைந்துவிட்டுத் துளைப்பார்கள், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அரக்கு பாலிஷ் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் அரக்கு ஆல்கஹாலில் கரையும். சானிடைசர் போட்ட கையோடு பிடித்தால் பிசுபிசுக்கும். இரண்டு கலவை பாலியூரிதேன் மூன்று கோட் அடித்தால் நம் ஊர் வியர்வைக்கும் தாங்கும்.

*கே: என் நண்பரின் 1980-களின் போர்ஷே 911-ல் குமிழ் எந்தப் பக்கம் திருப்பினாலும் கழலவில்லை.*
*– வாசகர், நுங்கம்பாக்கம்*

ப: அது திருகுக் குமிழே இல்லை, அழுத்திப் பொருத்தியது. ஹேர் டிரையரால் சூடாக்கி, ராடை இரண்டாம் கியரில் வைத்து, நேர் மேலே இழுங்கள். திடீரென்று வரும். முகத்தை அதன் பாதையில் வைக்காதீர்கள், பல் போய்விடும். திரும்பப் போடும்போது சுத்தியல் வேண்டாம், சூடாக்கி உள்ளங்கையால் அழுத்தினாலே இறங்கும்.

*கே: ஸ்பிட்ஃபயர் 1500. குமிழிலேயே ஓவர்டிரைவ் (இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் உயர் கியர்) சுவிட்ச் இருக்கிறது. குமிழை மாற்றிய பிறகு ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை. கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்கிறார்கள்.*
*– வாசகர், குரோம்பேட்டை*

ப: இறக்காதீர்கள். குமிழைத் தொடும்வரை ஓடியது, தொட்டபின் நின்றது. எனவே ஒயரில்தான் தேட வேண்டும். சுவிட்சின் இரண்டு ஒயர்களும் ராடின் உள்ளே ஓடுகின்றன. அவற்றைப் பிரிக்காமல் குமிழைத் திருப்பினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயரும் முறுக்கேறி, ராடை விட்டு வெளிவரும் துளையின் விளிம்பில் உரசி அறுந்துவிடும். சரியான வரிசை: பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள், குமிழின் மேல் மூடியை நெம்பி சுவிட்சை வெளியே எடுங்கள், ஒயர்களைப் பிரியுங்கள், பிறகுதான் குமிழைத் திருப்ப வேண்டும்.

இப்போது சோதிக்க, எர்த்தை மாட்டி, இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷன் மட்டும் ஆன் செய்து, நான்காம் கியரில் வைத்து, அந்த இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். அடியில் சொலினாய்டு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்) 'டக்' என்றால் ஒயர் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் கோளாறு. சத்தம் இல்லையென்றால் ஒயரைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் கியர் பெட்டி மேலுள்ள தடுப்பு சுவிட்ச். மூன்றாம், நான்காம் கியரில் மட்டுமே ஓவர்டிரைவுக்குக் கரண்ட் போகவிடுவது அதுதான், எனவே நியூட்ரலில் வைத்துச் சோதித்து ஏமாறாதீர்கள். ஒயர் மாற்றுவதானால் பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் ராடின் வழியே தானாக வந்துவிடும். சிலிக்கான் உறை போட்ட மெல்லிய ஒயர் உரசலைத் தாங்கும்.

*கே: அலுமினியக் குமிழ் மே மாத வெயிலில் தொடவே முடியவில்லை. கனமான குமிழ் கியர் மாற்றுவதை மென்மையாக்கும் என்கிறார்களே, உண்மையா?*
*– வாசகர், வேளச்சேரி*

ப: கனம் கையில் சுகமாகத் தோன்றும், உண்மைதான். ஆனால் கியர் பெட்டியில் தேய்மானம் இருந்து, ஏற்கெனவே கியர் தானாக விடுபடும் காராக இருந்தால், மேடு பள்ளத்தில் அந்தக் கனமே ராடைப் பின்னுக்கு இழுத்துவிடும். பழைய கார்களுக்கு லேசான குமிழே எங்கள் தேர்வு. வெயிலுக்கு மரம் அல்லது பேக்கலைட் (பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்). அலுமினியத்தை விட மனமில்லையென்றால் நிறுத்தியதும் ஒரு பருத்தித் துணியைப் போட்டுவிட்டுப் போங்கள்.