28 மி.மீ. குதிரைப்படை: குதிரை ஏன் பொம்மையாகத் தெரிகிறது?

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஏழாண்டுப் போரை மேசையில் விளையாட 28 மி.மீ. அளவு உலோகச் சிற்றுருவங்களாக பிரஷ்யாவின் பைராய்ட் டிராகூன்கள் (குதிரைப்படை வீரர்கள்) 12 பேரை வாங்கினேன். வீரர்கள் ஓரளவு நன்றாக வருகிறார்கள். குதிரைகள்தான் ஒரே பழுப்பாக, பொம்மை மாதிரி நிற்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: குதிரையை முதலில் முடியுங்கள். கண் முதலில் போவது அதன் மேல்தான். வீரன் தனித்துண்டாக இருந்தால் ஒரு பாட்டில் மூடியில் நிறுத்தித் தனியே தீட்டலாம். ஆனால் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கும் முன்பே அவன் சேணத்தில் சரியாக உட்காருகிறானா என்று பார்த்துவிடுங்கள். பசை படும் இடத்தில் பெயின்ட் வேண்டாம், பிடிப்பு போய்விடும்.

குதிரைத் தோலுக்கு ஆயில் பெயின்ட்டை மிஞ்சி எதுவும் இல்லை என்பது என் அனுபவம். முதலில் உடல் முழுக்க ஆரஞ்சு கலந்த வெளிர்பழுப்பு அக்ரிலிக் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு ஆயில் பெயின்ட்டை மெல்லிசாகப் பூசி, சில நிமிடம் கழித்துச் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டால் தோள், தொடை, விலா என்று மேடான இடங்களை மட்டும் துடைத்தெடுங்கள். மேட்டில் அடிநிறம் வெளிவரும், பள்ளத்தில் அடர்நிறம் தங்கும். செத்துக் கிடந்த உலோகத்தில் தசை திரண்டு எழுவதைப் பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே நான் குதிரை தீட்டுகிறேன். முழுக்கக் காய இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதுவரை தொடாதீர்கள்.

அடிநிறத்தை மாற்றினால் குதிரையும் மாறும். 'பே' எனப்படும் செம்பழுப்புக் குதிரைக்குப் பிடரி, வால், காலின் கீழ்ப்பகுதி எல்லாம் கறுப்பு. 'செஸ்நட்' குதிரைக்குப் பிடரியும் வாலும் உடலின் நிறத்தை ஒட்டியோ வெளிறியோ இருக்கும், அங்கே கறுப்பைத் தொடவே கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். சில குதிரைகளுக்கு மட்டும் நெற்றிச் சுட்டி, ஒன்றிரண்டு வெள்ளைக் கால் கொடுங்கள். வெள்ளைக் காலின் குளம்பு பெரும்பாலும் வெளிறியே இருக்கும்.

உடுப்பில் ஆண்டைக் கவனியுங்கள். பிரஷ்ய டிராகூன்களின் வெள்ளைக் கோட்டு 1745-இல்தான் வெளிர்நீலமாக மாறியது. 1756-இல் தொடங்கிய உங்கள் போருக்கு நீலமே சரி. பைராய்ட் படைக்குக் கைமடிப்பு கிரிம்சன், அதாவது அடர்சிவப்பு.

வெள்ளைத் தோல்பட்டைகளை நேராக வெள்ளையில் தீட்டாதீர்கள். முதலில் அடர்பழுப்புக் கோடு, அதன் நடுவில் கிரீம் நிறம். இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது அந்த மெல்லிய பழுப்பு ஓரம்தான் பட்டையை நீல உடுப்பிலிருந்து பிரித்துக் காட்டும்.