கட்டிய பால் கெட்ட பால் அல்ல

சூளகிரியிலிருந்து ஒரு வாசகி: ‘குழந்தைக்கு ஏழு மாதம். ஓசூரில் மறுபடி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மதியத்துக்குள் பால் கட்டி மார்பு கல்லாகிவிடுகிறது. இடது பக்கம் சிவந்து, குளிர்க்காய்ச்சலும் வந்தது. கட்டிய பால் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் சொன்னதால் அந்தப் பக்கம் கொடுப்பதில்லை. மல்லிகைப் பூ வைத்துக் கட்டியிருக்கிறேன். மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை நான்கு வேளை சாப்பிட்டேன். முடி கொட்டுகிறது, இடுப்பும் வலிக்கிறது. பால் வற்றிவிடுமா?’

மருத்துவர் பதில்:

இன்றிரவே இடது பக்கமும் கொடுங்கள். மார்புக்குள் இருக்கும் பால், பாத்திரத்தில் வைத்த பாலைப் போலத் திரிந்துபோவதில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து மாலையில் வீடு திரும்பும் வரை தேங்கிய பாலும் குழந்தைக்கு உகந்த பால்தான். வீக்கத்தால் சற்று உப்புக் கரிக்கலாம், குழந்தை ஒருமுறை முகத்தைத் திருப்பலாம், அவ்வளவே. எடுக்காமல் விட்ட பக்கத்தில்தான் பால் குறையும். மல்லிகைப் பூ, பாலை நிறுத்துவதற்காக நம் பாட்டிமார் வைத்துக் கட்டியது. வற்றிவிடுமோ என்று அஞ்சும் நீங்கள் அதைக் கட்டியிருப்பதை என்னவென்று சொல்வது! உடனே அவிழ்த்துவிடுங்கள்.

என்னை உறுத்துவது அந்தச் சிவப்பும் குளிர்க்காய்ச்சலும், நான்கு வேளையோடு நிறுத்திய மாத்திரையும்தான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மருந்து இந்தக் கிருமிக்கு உரியதா என்பதே தெரியாத நிலையில், அதையும் அரைகுறையாக விட்டால் காய்ச்சல் சில நாள் அடங்கியிருக்க, உள்ளே சீழ் கோத்துக்கொள்ளக்கூடும். சீழ் கோத்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டிவரும். சிவந்த இடத்தில் தொட்டால் தாங்க முடியாத வலியுடன் ஒரு கட்டி தென்பட்டாலோ, காய்ச்சல் திரும்பினாலோ ஞாயிறு விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை முடிந்த பிறகும் கட்டி கரையாமல் நின்றால் அதை ஸ்கேன் செய்தே தீர வேண்டும். வீடியோவைப் பார்த்துச் சூடான எண்ணெய் தடவி மார்பை அழுத்திப் பிசையும் வழக்கம் இருந்தால் அதை அறவே விடுங்கள். வீக்கம் அதனால் கூடும். ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் கட்டி சிறிது நேரம் வைத்தால் வலி தணியும்.

இனி வேலையிடத்தில், ஷிப்டுக்கு நடுவே இரண்டு முறை பாலைக் கையால் பீய்ச்சி எடுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. சூப்பர்வைசரிடம் தயங்காமல் கேளுங்கள். சுத்தமான மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவில் எடுத்த பால், 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். வெயில் காலத்தில் அந்தக் கணக்கை நம்பாமல் கேன்டீன் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

முடி கொட்டுவது பிரசவத்துக்குப் பின் பலருக்கும் நேர்வது, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய்க்குப் பணம் செலவழிக்காதீர்கள். இடுப்பு வலிக்கு, பால் கொடுக்கும்போது முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள்.

நாளைக் காலை அரைநாள் விடுப்புச் சொல்லி ஓசூர் அரசு மருத்துவமனைக்குச் சென்று காட்டுங்கள். மீதி மாத்திரை இருக்கும் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.