ரோஜா நிற மெழுகுவர்த்தி எந்த வாரம்?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகைக் கால வளையத்தைப் போன ஆண்டு முதன்முறையாக வீட்டில் வைத்தோம். ரோஜா நிற மெழுகுவர்த்தியைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டேன். அது தப்பு என்கிறார் மாமியார். எதிர்வீட்டு லூத்தரன் அக்கா வைத்ததில் நான்கும் நீலம். போதாக்குறைக்கு, முதல் மெழுகுவர்த்தி மூன்றாம் வாரமே தீர்ந்துவிட்டது. சவுக்குத் தழை உதிர்ந்து மேசையெல்லாம் குப்பை. எது சரி? எப்படிச் செய்ய வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: மாமியார் சொன்னதுதான் சரி. ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. முற்காலத்தில் திருவருகைக் காலம் நோன்பு இருக்கும் காலம். அதன் அடையாளம்தான் ஊதா. பாதி வழி தாண்டியதும் நோன்பைக் கொஞ்சம் தளர்த்தி, 'மகிழுங்கள்' என்ற பவுலடியாரின் வரியோடு அந்த ஞாயிறு திருப்பலியைத் தொடங்கினார்கள். லத்தீனில் அந்தச் சொல் 'கௌதேத்தே'. ஞாயிறுக்கும் அதுவே பெயர். ஊதாவில் வெளிச்சம் கலந்தது போன்ற நிறம் அதற்குப் பொருந்தியது. ஆகவே முதல் ஞாயிறு ஒரு ஊதா, இரண்டாவதில் இரண்டு ஊதா, மூன்றாவதில் அவற்றோடு ரோஜா, நான்காவதில் எல்லாமும்.

எதிர்வீட்டு அக்காவின் நீலத்திலும் பிழையில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து ஊதாவிலிருந்து வேறுபடுத்திக் காட்ட, விடியலுக்கு முந்தைய வானத்தின் நிறமாக நீலத்தை எடுத்துக்கொண்ட லூத்தரன் சபைகள் பல உண்டு. ஜெர்மனியில் நான்கும் சிவப்பாக வைப்பதும் சகஜம். அவரிடம் நிறத்தைப் பற்றி வாதாடாதீர்கள். வளையமே அவர்கள் வீட்டுச் சொத்து! ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர் 1839-இல் தொடங்கிய வழக்கம் இது. 'கிறிஸ்துமஸ் எப்போது வரும்?' என்று பிள்ளைகள் தினமும் நச்சரிக்க, ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கத்தோலிக்கக் கோயில்களுக்குள் இது நுழைந்தது 1920-களில்தான். அடிப்படையில் இது நாள் எண்ணும் கருவி. நான்கு மெழுகுவர்த்திகளுக்கும் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்ற பெயர்களும், கிறிஸ்துமஸுக்கு ஏற்ற நடுவில் வைக்கும் வெள்ளை மெழுகுவர்த்தியும் பின்னால் சேர்ந்தவை. பெயர்களின் வரிசை சபைக்குச் சபை மாறும், அதற்காக மனம் குழம்ப வேண்டாம்.

இனி மெழுகுவர்த்திக் கணக்கு. திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கும். ஆண்டுக்கேற்ப 22 முதல் 28 நாள். 2026-இல் நவம்பர் 29 முதல் டிசம்பர் 24 வரை 26 நாள். தினமும் கால் மணி நேரம் ஏற்றினால் முதல் மெழுகுவர்த்தி ஆறரை மணி நேரம் எரிய வேண்டும். ஜெபமாலை முடியும்வரை அரை மணி என்றால் பதின்மூன்று! உங்களுடையது தீர்ந்துபோனதற்கு இதுதான் காரணமாக இருக்கும். சுமார் 2 செ.மீ. தடிமன் உள்ளது மணிக்கு ஓர் அங்குலம் குறையும். நட்டு வைக்கும் மணலில் புதையும் ஒன்றரை அங்குலத்தையும் கூட்டி, கால் மணிக் கணக்குக்கு ஒன்பது அங்குலத்தில் வாங்குங்கள். தடிமனான தூண் மெழுகுவர்த்தி நீடிக்கும் என்று அதற்குப் போகாதீர்கள். கால் மணி நேரத்தில் அதன் விளிம்புவரை மெழுகு உருகாது. நடுவில் கிணறு போலக் குழி விழுந்து, திரி அதிலேயே மூழ்கி அணைந்துவிடும்.

நான்காம் வாரம் நான்கும் நான்கு உயரத்தில், படிக்கட்டு போல நிற்கும். குட்டையாகிவிட்டதே என்று முதலாவதை மாற்றிவிடாதீர்கள். கழிந்த நாட்களைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது அந்தப் படியில்தான்.

தழைக்கு வருவோம். ஐரோப்பாவில் ஊசியிலைக் கிளை வைப்பதற்குக் காரணம், குளிர்காலத்தில் மற்ற மரங்கள் மொட்டையாக நிற்க, அது மட்டும் பச்சையாக இருப்பது: சாகாத உயிருக்கு அடையாளம். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்பது கூடுதல் பொருள். சவுக்கு பார்வைக்கு அதுபோல இருந்தாலும், வெட்டிய சில நாளிலேயே காய்ந்து உதிரும். காய்ந்தால் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அதைவிட நெட்டிலிங்க இலை மேல். ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் மரம், இலையும் கெட்டி. சனிக்கிழமைதோறும் புதிதாக மாற்றுங்கள். கடையில் 'மலர்வளையம்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், துக்க வீட்டுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்!

ஓர் அடி அகலத் தாம்பாளத்தில் நான்கு சின்னத் தகர டப்பாக்களை வைத்து, ஈர மணலை அழுத்தி நிரப்பி மெழுகுவர்த்திகளை நடுங்கள். இடைவெளி நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் ஒன்றின் சூட்டில் மற்றொன்று வளையும். இலை சுடருக்கு எட்டாமல் தாழ இருக்கட்டும். திரியைக் கால் அங்குலம் விட்டுக் கத்தரியுங்கள். நீண்டால் கரி கக்கும். ஏற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மெழுகு அந்தப் பக்கமே வழிந்து, ஆறு மணி நேரத்துக்கு வாங்கியது நான்கிலேயே தீர்ந்துவிடும்.