கடனுக்காகக் கிட்னியை விற்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழில் செய்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிக்கடன் நாலரை லட்சத்தில் நிற்கிறது. ஒரு கிட்னி கொடுத்தால் ஆறு லட்சம் கிடைக்கும், சொந்தக்காரன் என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். ஆதார் நகலும் வாங்கிப் போயிருக்கிறார். என் உடம்பு, என் விருப்பம். ஓர் உயிரும் பிழைக்கும். இதில் என்ன தவறு?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, நானும் பால்வெட்டுக்காரர் மகள்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பா மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்து வளர்ந்தவள். பிறகு இருபது வருடம் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்தேன். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருப்பவர்களின் தவிப்பு எனக்குத் தெரியும். ஓர் உயிர் பிழைக்கும் என்கிறீர்களே, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கடன் தீருமா? சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அநேகமாக எல்லோரும் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். சராசரியாக ஆறு வருடம் கழிந்தும் நாலில் மூன்று பேருக்கு இன்னும் கடன் இருந்தது. குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடம்பை வைத்துப் பிழைப்பவனுக்கு உடம்பு தளர்ந்தால் வேறு என்ன ஆகும்?

மகனுக்குக் கிட்னி கொடுத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். விலாவில் தையல் இழுக்கும், நிமிர்ந்து நிற்க மாட்டார். மூன்று மாதம் அக்கம்பக்கத்தார்தான் அவருக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தார்கள். விற்றவர் யாரிடம் போய்ச் சொல்வார்? வலித்தாலும் மறைக்க வேண்டும். தரகர் பாதிப் பணத்தோடு போய்விட்டாலும் போலீசுக்குப் போக முடியாது.

ஏனென்றால், 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி விற்பவர், வாங்குபவர், தரகர் மூவருமே குற்றவாளிகள். 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, அபராதம் 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை. நெருங்கிய உறவு இல்லாதவர் பாசத்தால் தருவதாகச் சொன்னால் அங்கீகாரக் குழு விசாரிக்கும். இருவரும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படம்கூடக் கேட்பார்கள். அங்கே உங்கள் வாயால் பொய் சொல்லவைப்பதுதான் உங்களிடம் வந்த தரகரின் திட்டம்.

உங்கள் உடம்பு உங்களுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடன் இல்லாவிட்டால் இந்த விருப்பம் உங்களுக்கு வந்திருக்குமா? பணக்காரர் யாரும் கிட்னி விற்று நான் பார்த்ததில்லை. அந்த நோயாளிக்கும் வழி இருக்கிறது. உறவினர் தரலாம். இல்லையென்றால், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக மருத்துவமனை மூலம் அரசின் வரிசையில் பதிந்து காத்திருக்கலாம். அதற்கு விலை கிடையாது.

நீங்கள் முதலில் அந்த ஆதார் நகலைத் திரும்ப வாங்குங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். இதுவரை கட்டிய வட்டியைத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், ஆலோசனை இலவசம். கந்துவட்டியைத் தடுக்க 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. தங்கையையும் கூட்டிப் போங்கள். அவளுக்காக வாங்கிய கடன். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் வயிற்றைக் கீறிக்கொள்ள வேண்டாம்.